மீனின் வழியைத் திறப்போம்: செய்யூர்க் கொள்கைப் பிரகடனம்

செய்யூர்க் கழிக்கரையிலும், பாலாற்றின் கடைக்கோடியிலும், அதைச் சுற்றியுள்ள ஏரிப் பாசன ஊர்களிலும் வாழும் நாங்கள், கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே போய்வரும் மீனின் வழியை மீட்பதற்காக இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்களில் கடலில் வலைபோடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழியில் இடுப்பளவு நீரில் நின்று இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். ஏரி மீனைக் குத்தகைக்கு எடுப்பவர்களும், நெல் பயிரிடுபவர்களும், உப்பளத்தில் வேலை செய்பவர்களும், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பல விஷயங்களில் எங்களுக்குள் ஒத்துப்போகாது. ஒன்றில் மட்டும் மாறுபாடு இல்லை: மீன் போகும் வழி பொதுச்சொத்து. அதை அடைக்கும் உரிமை அணை கட்டுகிறவருக்கும் இல்லை, வலை கட்டுகிறவருக்கும் இல்லை.

எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘மீன்வளம்’ என்று மொத்தமாகப் பேசும்போதுதான் இவை கணக்கிலிருந்து நழுவுகின்றன. கடல்மீனுக்கு ஒரு கணக்கு, வளர்ப்பு மீனுக்கு ஒரு கணக்கு உண்டு. பாதி வாழ்வைக் கடலிலும் பாதி வாழ்வை உள்நீரிலும் கழிக்கும் உயிர்கள் இரண்டு ஏட்டிலும் பாதிப் பாதியாகத்தான் தெரிகின்றன.

விலாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றிலும் ஏரியிலும் பல ஆண்டுகள் வளர்கிற விலாங்கு, அங்கே ஒருபோதும் முட்டையிடுவதில்லை. உடல் முதிர்ந்ததும் வெள்ளத்தோடு இறங்கி, கழிமுகம் தாண்டி, இந்தியப் பெருங்கடலின் ஆழத்துக்குப் போய் வாழ்நாளில் ஒரே ஒருமுறை முட்டையிட்டு மடிகிறது. அதன் குஞ்சுகள் உடலின் மறுபக்கம் தெரியும் அளவுக்கு நிறமற்றவை. அவை நீரோட்டத்தோடு கரைக்கு மிதந்து வந்து, நன்னீர் வரும் வாயைத் தேடி மேலே ஏறுகின்றன. அந்த வாய் அடைபட்டால், ஏரியில் பிடிபடும் கடைசி விலாங்குக்குப் பிறகு அந்த ஏரிக்கு விலாங்கு கிடையாது.

கொடுவாவின் கதை வேறு. அதன் முட்டை கடலோர உவர்நீரில். குஞ்சு வளர்வது கழியிலும் ஆற்றிலும். பெரும்பாலான கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, நாலைந்து கிலோ எடையை எட்டும் பருவத்தில் பெண்ணாக மாறுகிறது. இரண்டு கிலோவில் எல்லாவற்றையும் பிடித்துவிட்டால் அடுத்த தலைமுறைக்குத் தாய் இருக்காது. மடவை கழியில் கொழுத்து, சினைக்காகக் கடலுக்கு இறங்குகிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சு கடல்நீர் ஏற்றத்தில் கழிக்குள் நுழைந்து, சில மாதம் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகிறது. ஆற்று இறாலோ நேர் எதிர். அது ஆற்றில் வாழ்ந்து, முட்டையைச் சுமந்துகொண்டு உவர்நீருக்கு இறங்கும். அங்கே பொரித்த குஞ்சு கரையோரமாக ஆற்றில் ஏறும். உல்லம் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்கென்றே ஆற்றில் நெடுந்தூரம் ஏறும் மீன். வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுவது இதைத்தான்.

இவற்றோடு, கடலையே பார்க்காத ஏத்துமீனையும் சேர்க்கிறோம். புதுவெள்ளம் வந்ததும் கெளுத்தியும் கெண்டையும் குரவையும் வாய்க்காலில் எதிரேறி ஏரிக்குள் போகும் காட்சியைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பல பழைய ஏரிகளின் கலங்கல் கருங்கல் படியாகச் சரிந்திருக்கும். மீன் தங்கித் தங்கி ஏறிவிடும். இப்போது கட்டப்படும் கான்கிரீட் கலங்கல் செங்குத்துச் சுவராக நிற்கிறது. ஏரி நிரம்பி வழிகிறது. மீனோ சுவரின் அடியில் முட்டி மோதி, சாக்குப்பைக்குள் போகிறது.

அணை மீனை என்ன செய்யும் என்பது இந்த நாட்டில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய செய்தி அல்ல. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டினார். தஞ்சை, தென்னார்க்காட்டின் நெல்லுக்கு உயிர் கொடுத்த அணைகள் அவை. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கடலிலிருந்து ஏறிவரும் உல்லம் அந்தச் சுவருக்குக் கீழே திரண்டு நின்றது. திரண்ட இடத்திலேயே வலைக்கு எளிதாயிற்று. மீன்வளத்தை ஆராய அன்றைய அரசு நியமித்த பிரான்சிஸ் டே, 1873இல் வெளியான தம் அறிக்கையில் அணைக்கட்டுகள் மீனின் ஏற்றத்தைத் தடுப்பதையும், கண்ணி சிறுத்த வலைகள் குஞ்சுகளை வாரிக்கொள்வதையும் சேர்த்தே எழுதினார். அணையில் மீனுக்கு வழி விட வேண்டும், வலைக் கண்ணிக்கு அளவு வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை. 150 ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட அந்த இரண்டையும்தான் நாங்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

1909இல் மதராஸ் மாகாண மீன்வளத் துறையினர் கீழணையில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க முயன்றார்கள். மீன் குறைகிறது என்பதை அரசு அறிந்திருந்ததற்கு வேறு சான்று வேண்டாம். 1934இல் மேட்டூர் அணை வந்தது. ஆற்றின் குறுக்கே ஏற்கெனவே சுவர் இருந்தது. இப்போது வெள்ளமும் கட்டுப்பட்டது. உல்லம் ஏறுவதற்குச் சைகையே புதுவெள்ளந்தான். காவிரியில் பெயர்பெற்றிருந்த உல்ல மீன்பிடிப்பு அதன்பின் நொடித்துப் போயிற்று. 1940களில் விலங்கியலாளர் சுந்தர் லால் ஹோரா, அணைகள் உல்லத்தின் வலசையை எப்படி முறிக்கின்றன என்று ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். அவர் எழுதியும் 1975இல் கங்கையின் குறுக்கே ஃபரக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியது. அலகாபாத் வரைக்கும், அதற்கு அப்பாலும் போய்க்கொண்டிருந்த உல்லம் ஃபரக்காவுக்குக் கீழே நின்றுவிட்டது. மேல்கங்கையில் அந்த மீனை நம்பியிருந்த குடும்பங்களுக்கு நட்ட ஈடு கிடைத்ததாக நாங்கள் அறியவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. நெல்லுக்கு முன்னால், மின்சாரத்துக்கு முன்னால், கப்பலுக்கு முன்னால் மீனும் மீன்பிடிக்கிறவரும் பொருட்டல்ல என்று முடிவு செய்து நடத்தியது இது.

உலகெங்கும் நிலைமை இதுதான். நன்னீரில் வலசை போகும் மீன்களில் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்துவந்த தொகைகள் 1970க்கும் 2020க்கும் இடையில் சராசரியாக 81 சதவீதம் சரிந்துவிட்டதாக 2024இல் வெளியான உலகளாவிய கணிப்பு கூறுகிறது. அணைகளால் வழி அடைபட்டதும், வாழிடம் அழிந்ததும், அளவுமீறிப் பிடித்ததும் முதன்மைக் காரணங்கள்.

இனி எங்கள் ஆற்றுக்கு வருகிறோம்.

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, 348 கிலோமீட்டர் ஓடி, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அந்த ஓட்டத்தில் தமிழ்நாட்டின் பங்கு 222 கிலோமீட்டர். வாலாஜாவுக்கு அருகில் 1858இல் கட்டிய அணைக்கட்டு காவேரிப்பாக்கம் முதலான பெரிய ஏரிகளுக்கு நீரைத் திருப்பியது. மேலே கர்நாடகத்தில் பேத்தமங்கலம் ஏரி, ஆந்திர எல்லைக்குள் வரிசையாகத் தடுப்பணைகள். 2016இல் புல்லூர்த் தடுப்பணையின் உயரத்தைக் கூட்டியபோது வேலூர்ப் பக்கம் எழுந்த கொந்தளிப்பை எல்லோரும் அறிவோம். நடுவே தோல் தொழிற்சாலைக் கழிவு. அதைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. மணல் போனது, ஆற்றின் படுகை பள்ளமாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு, கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கவும் நிலத்தடி நீரைத் தேக்கவும் எங்கள் மாவட்டத்தில் வயலூரிலும் ஈசூர்–வல்லிபுரத்திலும் ஆற்றின் குறுக்கே தடுப்பணைகள் எழுந்தன. வயலூர் அணை முகத்துவாரத்துக்கு மிக அருகில் இருப்பது. கடலிலிருந்து ஏறும் மீன் சந்திக்கும் முதல் கதவு அது.

அந்தத் தடுப்பணைகளால் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது, உப்பு குறைந்தது என்று விவசாயிகள் சொல்கிறார்கள். எங்கள் உறுப்பினர்களிலேயே அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆகவே அவற்றை இடிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அமெரிக்காவில் எல்வா ஆற்றில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நின்ற இரண்டு அணைகளை 2011க்கும் 2014க்கும் இடையில் இடித்தார்கள், சால்மன் திரும்பி வந்தது. அது அவர்களுடைய ஆறு, அவர்களுடைய கணக்கு. எங்கள் கோரிக்கை சிறியது. அதனாலேயே, அதை மறுப்பதற்கு யாருக்கும் காரணம் இருக்கக் கூடாது என்று கருதுகிறோம். தடுப்பணை அறிவிப்புகளில் நீளம், உயரம், கொள்ளளவு, கோடி எல்லாம் வருகின்றன. மீன் எந்த வழியில் போகும் என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

“வறண்டு கிடக்கும் பாலாற்றில் மீனுக்கு என்ன வழி?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2021 நவம்பரில் பாலாறு இருகரை தொட்டு ஓடியதை அவர்களும் பார்த்தார்கள். மீனுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு வேண்டியதில்லை. வெள்ளம் வடியும்வரை சில வாரம் வழி திறந்திருந்தால் போதும். ஏறுவது ஏறிவிடும், இறங்குவது இறங்கிவிடும். கிளியாறும் மதுராந்தகம் ஏரியும் அதைச் சார்ந்த ஏரிகளும் அந்தச் சில வாரங்களில்தான் கடலோடு பேசுகின்றன. அந்த வாரங்களில் சுவர் எழுப்பி வைத்துவிட்டு, ஆண்டின் மீதி நாள் வறட்சியைக் காட்டி ‘மீனே இல்லை’ என்று சொல்வது நியாயம் அல்ல.

கழியின் நிலையும் இதுவே. இடைக்கழிநாடு என்று பெயர்பெற்ற நாடு இது. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்நாட்டு நல்லூர்க்காரர். ஓதியூர், முதலியார்குப்பம், பனையூர், பரமன்கேணி என்று கழியை ஒட்டிய ஊர்கள் அனைத்துக்கும் சோறு போட்டது முகத்துவாரம். கோடையில் அதை மணல் மூடும், மழைவெள்ளம் உடைக்கும். உடையத் தாமதமானால் கரையில் இருப்பவர்கள் வெட்டிவிடுவார்கள். இன்று சாலைக்கும் பாலத்துக்குமாகக் கழி சுருங்கியிருக்கிறது, பக்கிங்காம் கால்வாய் தூர்ந்திருக்கிறது, ஏரிகளிலிருந்து வரும் வரத்து குறைந்திருக்கிறது. உள்ளிருந்து தள்ளும் நீர் இல்லாவிட்டால் மணல்திட்டு உடையாது. உடையாவிட்டால் இறால் குஞ்சு நுழையாது. கழி அழிந்தால் கழிக்காரனோடு கடற்காரனுக்கும் நட்டந்தான். கடலில் அவன் பிடிக்கும் வெள்ளை இறால் கழியில் வளர்ந்து போனது. செய்யூரில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம் வரவிருந்தபோது இந்த ஊர்கள் எதிர்த்து நின்றதும் இதனால்தான். அந்த நிலையம் வரவில்லை, கழி இன்னும் இருக்கிறது.

எங்களுக்கு வடக்கே, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட உப்பங்கழி நிலத்தில், சென்னைக்கு ஆறாவது குடிநீர்த் தேக்கம் ஒன்று அமைக்கப்படும் எனத் தமிழக அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மூவாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு, சுமார் 1.6 டி.எம்.சி. கொள்ளளவு. அப்பகுதி மீனவ ஊர்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அவர்களோடு நாங்கள் நிற்கிறோம். சென்னைக்குக் குடிநீர் வேண்டும் என்பதில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கடல்நீர் ஏறி இறங்கும் நிலத்தைக் கரைகட்டி நன்னீராக்கினால் மடவைக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் உள்ள நாற்றங்கால் போய்விடும். ஏரிகள் மலிந்த இந்த மாவட்டத்தில் இருக்கும் ஏரிகளைத் தூர்வாரி, வரத்துக் கால்வாய்களின் ஆக்கிரமிப்பை அகற்றி எவ்வளவு நீர் சேமிக்கலாம் என்ற கணக்கை முதலில் மக்கள் முன் வைக்க வேண்டும். அந்தக் கணக்கு வராதவரை கழியில் கரை எழுப்பக் கூடாது.

அணையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு வலையைப் பற்றிப் பேசாமல் போனால் எங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. பெரிய அழிவைச் செய்தது அணை. மிச்சம் இருப்பதைத் துடைப்பது வலை. கழிமுகத்தைக் கரையோடு கரை மறித்துக் கட்டும் வலை, கொசுவலைத் துணியை வைத்துக் குஞ்சை வாரும் வழக்கம், தடுப்பணையின் அடியில் முட்டிநிற்கும் மீனை இரவோடு இரவாக அள்ளுவது, ஏரியில் மின்சாரம் பாய்ச்சுவது, மருந்து கலப்பது என எல்லாம் எங்கள் ஊர்களிலேயே நடக்கின்றன. வெடியும் நஞ்சும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். நீரோட்டத்தை மறிக்கும் நிலைவலைக்கும், வலையின் அளவுக்கும் விதி செய்யும் அதிகாரத்தையும் அதே சட்டம் மாநிலத்துக்குத் தந்திருக்கிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை இருக்கிறது. அது கடல்மீனின் இனப்பெருக்கத்தை எண்ணி வகுத்தது, அதை ஆதரிக்கிறோம். கழிமுகத்தில் போக்குவரத்து நடப்பதோ ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில். தடைக்காலம் ஒரு பக்கம், வலசைக் காலம் இன்னொரு பக்கம் என்று இருப்பதால் அந்த வாரங்களில் மீனுக்குக் காவல் இல்லை.

வங்கதேசத்தைப் பாருங்கள். உல்லம் முட்டையிடும் அக்டோபர்ப் பௌர்ணமியை ஒட்டி 22 நாள் அங்கே உல்லம் பிடிக்க முழுத் தடை. குஞ்சு உல்லத்தைப் பிடிக்க நவம்பரிலிருந்து ஜூன் வரை தடை. தொழில் இழக்கும் குடும்பங்களுக்கு அரசு அரிசி கொடுக்கிறது. 2002–03இல் இரண்டு லட்சம் டன்னுக்கும் கீழே போயிருந்த பிடிப்பு, 2018 வாக்கில் ஐந்து லட்சம் டன்னைத் தாண்டியது. அரிசி போதவில்லை என்று அங்குள்ள மீனவர்கள் சொல்வதும் உண்மை. அதனால்தான் தடையைக் கேட்கும்போதே நிவாரணத்தையும் சேர்த்துக் கேட்கிறோம். ஏழையின் வயிற்றைக் காயவைத்துத்தான் மீனைக் காக்க முடியும் என்றால் அந்தக் காவல் எங்களுக்கு வேண்டாம்.

எனவே இவ்வியக்கம் பிரகடனம் செய்கிறது.

நிலப் பத்திரத்தில் வழிநடைப் பாத்தியம் எழுதுகிறோம். நடுவில் இருக்கும் நிலத்துக்காரர் அதை மறிக்க முடியாது. ஆற்றிலும் கழியிலும் மீனுக்கு அந்தப் பாத்தியம் உண்டு. அதை நீர்வளத் துறையும் மீன்வளத் துறையும் வருவாய்த் துறையும் எழுத்தில் ஏற்க வேண்டும். இன்று ஆறு ஒரு துறைக்கு, மீன் ஒரு துறைக்கு, கழிப் புறம்போக்கு இன்னொரு துறைக்கு. வழிக்கு மட்டும் பொறுப்பாளர் இல்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில், மீனவரும் இருளரும் விவசாயிகளும் உட்காரும் ஒரு குழு அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

வயலூரிலும் ஈசூரிலும் அணையின் ஒரு பகுதியில் கற்களைப் பரப்பி, இருபது அடி நீளத்துக்கு ஓரடி உயரம் என்ற கணக்கில் மென்சரிவு அமைக்க வேண்டும். சால்மனுக்காக மேலைநாட்டில் வகுத்த ஏணியைக் கொண்டுவந்து ஒட்டவைத்தால் பயனில்லை. எங்கள் மீன்களில் பல துள்ளி ஏறுபவை அல்ல. விலாங்குக் குஞ்சுக்கோ ஈரமும் சொரசொரப்பும் இருந்தால் போதும், சரிவில் ஊர்ந்தே ஏறிவிடும். மணற்போக்கி உள்ள இடங்களில் முதல் வெள்ளத்தின்போது அதைத் திறந்துவைக்க வேண்டும். ஏரிக் கலங்கலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் பழைய படிச்சரிவை மீண்டும் எழுத வேண்டும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1997இலேயே கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்தவர்கள் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள். ஆற்றில் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று ஆண்டுதோறும் எண்ணி, தமிழில் வெளியிட இவ்விரு நிறுவனங்களும் முன்வர வேண்டும். தொட்டியில் பொரித்த குஞ்சைக் கழியில் கொட்டி, புகைப்படம் எடுத்துக்கொண்டு போவது வழியைத் திறப்பதற்கு ஈடாகாது.

எங்கள் பங்கைச் செய்ய, அரசு செயல்படும்வரை நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. முகத்துவாரத்தின் குறுக்கே எந்த வலை கட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு நீரைத் திறந்துவிடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தின்போது முகத்தில் வலையே கட்டமாட்டோம். கொசுவலையைக் கழிக்குள் இறக்கமாட்டோம். இறக்குபவர் எங்கள் உறவினராக இருந்தாலும் தடுப்போம். குஞ்சுக் கொடுவாவையும், முட்டைக்காரியான பெருங்கொடுவாவையும் உயிரோடு விடுவோம். தடுப்பணையின் அடியில் முட்டிநிற்கும் மீனைப் பிடிக்கமாட்டோம். முறைவைத்துக் காவல் இருப்போம். கையால் தடவிப் பிடிக்கும் இருளர் தொழிலுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இடையூறு ஆகாது. அவர்கள் அளவோடு எடுக்கிறவர்கள், கழியை எங்களைவிட அதிகம் அறிந்தவர்கள். வழியின் நிலையைச் சொல்லும் முதல் சாட்சி அவர்களே. கடல்தடைக்காலத்தில் கிடைக்கும் நிவாரணம் போலக் கழிக்கும் ஒரு நிவாரணம் அறிவிக்கப்படும்போது, முதல் பெயர்கள் அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

இந்த இயக்கம் எந்தக் கட்சிக்கும் உரியதல்ல. யாரிடமும் நன்கொடை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளாது. ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்கும், கிராமசபையில் தீர்மானம் வைக்கும், தேவைப்பட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தின் வாசலில் நிற்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் உங்கள் ஊர் ஏரியின் கலங்கலைப் போய்ப் பாருங்கள். அது சரிவா, சுவரா என்று எழுதுங்கள். வரத்துக் கால்வாயில் எங்கே அடைப்பு, எந்த மதகில் எந்த மீன் முன்பு ஏறியது, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று வயதானவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு அடுத்த கிராமசபைக்கு வாருங்கள். தீர்மானத்தை முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் எழுந்தால் போதும்.